சவுக்குத் தோப்பில் நான் முந்திக்கொண்டு சொன்ன பதில்

என் ஆசை அக்கா மல்லிகாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று உனக்கு எழுத முடியாது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் புருஷனைப் பற்றிக் கோள் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தபோதும் உனக்கு போன் செய்து நான் பேசியதெல்லாம் பெரும்பாலும் இதுதானே.

நீ போய் மூன்று வருஷம் முடிந்துவிட்டது. வீட்டில் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு உன்னைத் தெய்வமாக்கிவிடுகிறார்கள். என் தாவணியை எடுத்துக் கட்டிக்கொண்டு போய், காப்பியைக் கொட்டிக்கொண்டு வந்து, நான் தொடவே இல்லை என்று சாமி படத்தின் முன்னால் சத்தியம் செய்தவள் நீ என்பதை ஞாபகம் வைத்திருப்பது நான் ஒருத்திதான். தெய்வத்துக்குக் கடிதம் எழுத எனக்கு வராது. அந்தத் தாவணிக்காரிக்குத்தான் எழுதுகிறேன்.

இனியா விஷயம். உன் பெண் யாரிடம் வளரப் போகிறாள் என்பது போன மார்கழியில், ஒரு சவுக்குத் தோப்பில், குதிரைச் சாணி வாசனைக்கு நடுவில் முடிவாகிவிட்டது. அதை உனக்கு நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

இப்போது மத்தியானம். நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் டாக்டர் சாப்பிடப் போய்விட்டார். மேல வீதியில் வெயிலுக்குப் பயந்து ஒருவரும் நடமாடவில்லை. ரிசப்ஷன் டேபிளில் உட்கார்ந்து, பழைய ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

எட்டு நாள் காய்ச்சலில் நீ போனாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, ஐந்து வயது இனியாவையும் ஒரு பை துணியையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாமா சொன்னார்: "கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கட்டும் அத்த." அந்தக் கொஞ்ச நாள்தான் மூன்று வருஷம். துணிக்கடைப் பை அது. அதன் மேல் ஒரு கல்யாணப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை, கோபம் ஆறிவிடக் கூடாதே என்று.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். கையில் ஒரே கம்பெனி க்ரீம் பிஸ்கட் பாக்கெட். இனியாவுக்குக் க்ரீம் பிஸ்கட் பிடிக்காது, பாக்கெட்டைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிடுவாள். அதைக்கூட மூன்று வருஷத்தில் கண்டுபிடிக்கத் தெரியாத தகப்பன். அவளைக் கடலூருக்கு அழைத்துப் போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். டைல்ஸ் ஷோரூமில் மேனேஜர் இல்லையா, எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். நம் வீட்டுச் சிமெண்டுத் தரையைப் பார்த்து ஒவ்வொரு மாதமும் உச்சுக்கொட்டினார். அந்தத் தரையில்தான் அவர் பெண் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். அது அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

அம்மா வேறு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா போனால் தங்கையைக் கட்டிவைப்பது நம் பக்கம் புதிதில்லை. முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணமாகாத நான், பெண்டாட்டியைப் பறிகொடுத்த அவர், தாயில்லாத இனியா. மூன்று பேர் பிரச்சினையையும் ஒரே தாலியில் முடித்துவிடலாம் என்று அவளுக்குத் தீர்மானம். "புள்ள வேத்து மனுஷி கைக்குப் போயிடக்கூடாதுடீ. நீ இருக்கும்போது அது எதுக்கு அல்லாடணும்?" என்று சட்னி அரைக்கும்போது தொடங்குவாள், துணி மடிக்கும்போது முடிப்பாள். நான் ஒரு மனுஷி, எனக்கென்று ஒரு பிடித்தம் பிடிக்காமை உண்டு என்பது அந்தப் பேச்சில் எங்கேயும் வராது.

அரையாண்டு லீவில் மாமா போன் செய்தார். கடலூரிலிருந்து தெற்கே கடலோரத்தில் ஒரு தோப்பு இருக்கிறதாம், புதிதாகப் பிக்னிக் இடமாக மாற்றியிருக்கிறார்களாம், நடக்கலாமாம், பிள்ளைகள் குதிரை ஏறலாமாம். "செல்வியும் கண்டிப்பா வரட்டும் அத்த. அதுகிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று முடித்தார். போனை வைத்த அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. எதற்கு என்னிடம் பேசணும் என்று கேட்டேன். "மார்கழி மாசத்துல யாராவது கல்யாணம் பேசுவாங்களாடீ? சும்மா சுத்திப் பாத்துகினு வரத்தான்" என்றாள். சொல்லிக்கொண்டே பீரோவிலிருந்து மயில் கழுத்துக் கலர் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். தோப்பைச் சுற்றிப் பார்க்கப் பட்டுப் புடவை.

நான் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் சாயம் போன சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். பதிலையும் தயார் செய்துகொண்டேன். "அடுத்து யாரு, வயித்து ஸ்கேனா, தண்ணி நெறைய குடிச்சீங்களா" என்று ஒரு வாரம் வாய் கேட்டுக்கொண்டிருக்க, மனசு உன் புருஷனைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விடுவது என்பது வரைக்கும் முடிவு செய்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குக்கூட நான் இப்படித் தயாரானதில்லை.

தேர்க் கூட்டத்தில் சிதம்பரத்தை விட்டு வெளியே வரவே நேரமாகிவிட்டது. கடலூர் முதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். ஷோரூம் காரோடு மாமா காத்திருந்தார். அம்மாவைப் பார்த்து, "வாங்க அத்த." என்னைப் பார்த்து, தரையைப் பார்த்து, "வா செல்வி." வயிறு போட்டிருக்கிறது. நீ பார்த்தால் சிரிப்பாய்.

அந்தத் தோப்பைப் பற்றிச் சொல்கிறேன் கேள். வாசலில் பெரிய போர்டு: இயற்கை வனத்தலம், அமைதி காக்கவும். அந்த அமைதியைக் காப்பதற்கு ஒரு காவலாளியைப் போட்டிருக்கிறார்கள். அவர் கையில் ஒரு விசில். யாராவது சத்தமாகப் பேசினால் ஓடிவந்து விசில் ஊதுகிறார். நாங்கள் போன நேரத்தில் தோப்பில் கேட்ட ஒரே இரைச்சல் அவருடைய விசில்தான்.

உள்ளே நடப்பதற்கு மணல் பாதை போட்டு, இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருக்கிறார்கள். மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை. முதல் மரத்தில் சவுக்கு. அடுத்த மரத்திலும் சவுக்கு. அதற்கடுத்ததிலும் சவுக்கு. சவுக்கைத் தவிர வேறு மரமே இல்லாத தோப்பில் இதற்கென்று ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இனியா ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே போனாள், விசில் வந்தது. புயலில் சாய்ந்த மரங்களை அறுத்து எடுக்கச் சோம்பல்பட்டு, அப்படியே விட்டு, இயற்கை இருக்கை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து எழுந்தவர்களின் பின்பக்கமெல்லாம் பிசின்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். விசில் ஓய்ந்த நேரத்தில், காற்று அடித்தால், மேலே அந்த ஊசி இலையெல்லாம் சேர்ந்து ஒரு சத்தம் போட்டது. தூரத்தில் மழை வருகிற மாதிரி இருந்தது. அண்ணாந்து பார்த்தேன், வானம் வெளுத்துக் கிடந்தது. ஒரு நிமிஷம் நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோனது.

குதிரைகள் இரண்டு. ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. குதிரைக்கார பாய் நல்ல மனிதர். "மார்கழில முகூர்த்தம் கெடையாதும்மா. அதான் இங்க நிக்குதுங்க. தை பொறந்தா மாப்ள அழைப்புக்கே நேரம் சரியாப்பூடும்" என்றார். இனியா தனியாக ஏறப் பயந்து அப்பாவைப் பிடித்து இழுத்தாள். மாமா ஒரு ஸ்டூலின் மேல் ஏறி, பாய் ஒரு பக்கம் தள்ள, இன்னொருவர் ஒரு பக்கம் தாங்க, வெள்ளைக் குதிரையின் மேல் போய்ச் சேர்ந்தார். முன்னால் இனியாவை உட்கார வைத்தார்கள்.

குதிரை பத்தடி நடந்தது, நின்றது. மாமா காலால் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. "திட்டாதீங்க சார், பத்தடிக்கு ஒருக்கா நிக்கும். பட்டாசு வெடிப்பாங்க, பசங்க ஆடுவாங்கன்னு நின்னு நின்னு பழகிடுச்சு. தானா போவும்" என்றார் பாய். யாருமில்லாத தோப்பில், வெடிக்காத பட்டாசுக்காக, உன் புருஷன் குதிரை மேல் விறைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பக்கத்தில் திரும்பினேன். முழங்கையால் இடித்துக் காட்டுவதற்கு நீ அங்கே இல்லை. அம்மாதான் நின்றாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மாப்ள அழைப்பு மாதிரியே இருக்குது பாருடீ" என்றாள். அதோடு என் சிரிப்பு போய்விட்டது.

குதிரையை விட்டு இறங்கியதும் அம்மாவுக்கு முட்டி வலி வந்தது. எப்போது வர வேண்டுமோ அப்போது சரியாக வரும் வலி. "நானும் புள்ளையும் இங்க உக்காந்துகினு இருக்கோம். நீங்க ரெண்டு பேரும் ஒரு நடை போயிட்டு வாங்க."

போனோம். அவர் முன்னால், நான் இரண்டடி பின்னால். கீழே பார்க்க டைல்ஸ் இல்லாமல் வெறும் மணலாக இருந்ததால் அவருக்குக் கண்ணை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நின்றார். தொண்டையைக் கனைத்தார். "செல்வி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார்.

இதற்குத்தானே ஒரு வாரமாகக் காத்திருந்தேன். "நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே நான் சொல்லிடறேன் மாமா. எனக்கு இஷ்டம் இல்ல. எங்கக்காவுக்குத் தாலி கட்டுன கையோட எங்கிட்ட வராதீங்க. பெத்த புள்ளைய ஒரு பை துணியோட வுட்டுட்டுப் போன ஆளு நீங்க. மாசத்துக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டு, அதோட உங்க கடம முடிஞ்சிபோச்சு. உங்களோட ஒரே வீட்டுல குடும்பம் நடத்தறதுக்கு, இந்தத் தோப்புலயே குதிரைக்குப் புல்லு போட்டுகிட்டு நான் இருந்துடுவேன்."

விசில். காவலாளி மூச்சிரைக்க வந்து நின்றார். "மேடம், போர்டு பாக்கலயா? மெதுவா பேசுங்க." சரி என்றேன். மிச்சம் வைத்திருந்த திட்டு முழுவதையும் கிசுகிசுத்தேன் அக்கா. திட்டுவதைக் கிசுகிசுப்பாகச் செய்து பார்த்திருக்கிறாயா? சாபம் கொடுக்கிற மாதிரி இருக்கிறது. நான் முடித்த பிறகு மாமா வேட்டியில் ஒட்டிய பிசினைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

"நான் அத கேக்க வரல செல்வி."

ஷோரூமில் பில் போடுகிற பெண்ணாம். பெயர் ஸ்டெல்லா. வேதக்காரர்கள். புருஷன் தவறி ஆறு வருஷமாகிறதாம், பிள்ளை இல்லையாம். அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறாராம். "மல்லிகா வீட்டுல ஒருத்தர் கிட்டயாவது சொல்லி, சரின்னு வாங்கிட்டுதான் செய்யணும்னு தோணுச்சு. அத்தகிட்ட சொல்ல பயமா இருந்துது. அதான் உங்கிட்ட."

வேண்டாம் என்று சொல்லப் போனவளுக்கு, வேண்டாம் என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை. முகம் எனக்குக் கொதித்தது. மனசுக்குள் என்ன கோபம் வந்தது தெரியுமா? உன்னிடம்தான் சொல்ல முடியும். இந்த ஆள் என்னை ஏன் கேட்கவில்லை என்று கோபம் வந்தது. நான் அருவருக்கும் மனிதர் என்னை வேண்டாம் என்று நினைத்திருக்கிறார், அதுவும் எனக்கு முன்னாலேயே. நானும் அம்மா பெற்ற பெண்தான் போலிருக்கிறது, அவள் போட்ட கணக்கையே நானும் போட்டு வைத்திருந்தேன்.

அது பெரிதில்லை. அடுத்து அவர் சொன்னதுதான். "முழுப் பரீட்ச முடிஞ்சதும் இனியாவ நான் அழைச்சிகிட்டுப் போயிடறேன்."

மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். "அன்னிக்கு வுட்டுட்டுப் போனது தப்புதான். எனக்கு சோறாக்கத் தெரியல, தல பின்னத் தெரியல. ராத்திரில அம்மா எங்கன்னு கேட்டுச்சு. என்ன சொல்றதுன்னு தெரியாம பயந்துட்டேன்" என்றார். தலை பின்னத் தெரியாததற்காகப் பெற்ற பெண்ணை விட்டுவிட்டுப் போகும் ஆண்பிள்ளை. எனக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது? என்னிடமும்தான் அதே கேள்வியைக் கேட்டாள். தெரியாமலேதான் நான் வைத்துக்கொண்டேன்.

இனி எழுதுவதை அம்மாவுக்குக்கூட நான் சொல்லவில்லை. நீ திட்டக் கூடாது. அங்கே, அந்த மணலில் உட்கார்ந்துகொண்டு, "அப்படின்னா என்னையே கட்டிக்கோங்க மாமா" என்றேன். குதிரைக்குப் புல்லுப் போடப் போகிறேன் என்று சொன்ன வாயின் ஈரம் இன்னும் காயவில்லை. இனியாவைக் கொடுக்காமலிருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவர் சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். சிரிக்கவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்தார், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. "வேணாம் செல்வி. என்னக் கண்டா உனக்கு ஆவாது. அது உன் மூஞ்சியிலயே தெரியுது. அத தெனம் பாத்துகிட்டு புள்ள வளரக்கூடாது" என்றார். அந்த மனிதர் வாழ்க்கையில் பேசிய ஒரே உருப்படியான பேச்சு அதுதான். அதை என்னிடம் போயா பேச வேண்டும்?

திரும்பி வந்தபோது அம்மா மரத்தில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இனியாவைக் காணோம். பதறிப்போய் வாசல் பக்கம் ஓடினேன். டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்து நிழலில் ஒரு பெண்மணி பாய் விரித்து, டிபன் கேரியரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் சாய்ந்துகொண்டு உன் பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். க்ரீம் பிஸ்கட். இரண்டாகப் பிரித்து, க்ரீமை முதலில் நக்கிவிட்டு, பிறகு பிஸ்கட்டைக் கடித்து.

என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்தாள். "உனக்குதான் அது புடிக்காதே" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "உனக்குதான் புடிக்காது சித்தி. அப்பா வாங்கினு வந்தா நீ மூஞ்சிய சுளிப்ப. அதான் எனக்கும் புடிக்காதுன்னு சொல்வேன்" என்றாள்.

"இவங்கள எத்தினி நாளா தெரியும்?"

"போன லீவுலேர்ந்து. ஸ்டெல்லா ஆன்ட்டி."

"சித்திகிட்ட ஏன் சொல்லல? அப்பா சொல்ல வேணாம்னாரா?"

"அப்பா சொல்லத்தான் சொன்னாரு. நான்தான் சொல்லல. நீ அழுவ."

நான் எப்போதடி அழுதேன் என்று கேட்டேன். "அப்பா வந்துட்டுப் போனா, பாத்ரூம் போயி, பைப்ப தொறந்துவுட்டுட்டு அழுவியே" என்றாள். எட்டு வயது அக்கா. அவள் அப்பாவைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட அவள் எதிரில் தப்பாகப் பேசியதில்லை என்று எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? வாயால்தான் பேசவில்லை. இந்தப் பெண் என் முகத்தைப் படித்துப் படித்து, எனக்கு எது வலிக்கும் என்று பார்த்துப் பார்த்து, தன் ஆசையையெல்லாம் அலமாரியில் வைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். அவரைத்தான் இத்தனை நாள் கேவலமாக நினைத்தேன். அன்றைக்கு என்னையும் நினைத்தேன்.

ஸ்டெல்லா எழுந்து நின்று, "வாங்கக்கா" என்றார். என்னைவிட நாலு வயதாவது மூத்தவர், நான் அக்காவாம். "உங்க குடும்பம் பேசி முடிக்கட்டும்னு நான் உள்ள வரல. அதுவா ஓடி வந்துடுச்சு." எலுமிச்சம் சாதமும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்திருந்தார். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே ஒரு வாய் வைத்தேன். உப்பு சரியாக இருந்தது. அதற்காகவும் அவர் மேல் கோபம் வந்தது. கிளம்பும்போது என் பக்கத்தில் வந்து, "புள்ளைக்கு எது ஒத்துக்கும், எது ஒத்துக்காதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்கக்கா. கேட்டா எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லுது. அது சரியில்ல" என்றார். எனக்கு மூன்று வருஷத்தில் தெரியாதது அவருக்குச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்திருந்தது.

அம்மாவுக்குக் காரில்தான் சொன்னோம். "வேதக்காரப் பொண்ணா?" என்று ஒரு அழுகை. "நீ வாய அடக்கியிருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்று எனக்கு ஒரு திட்டு. பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள், கல்யாணத்தன்றைக்கு மத்தியானம் சாப்பாடு எந்த ஹோட்டலில் என்று கேட்டாள். தையில் ரிஜிஸ்டர் ஆபீஸில் முடிந்தது. நானும் போயிருந்தேன். அம்மா எடுத்துக் கொடுத்த அதே மயில் கழுத்துப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன், யாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படக் கூடாது என்று. மாமா அந்த ஆபீஸின் தரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா கேட்ட தாளை எழுதிவிட்டேன். கத்தரிக்காய் சாப்பிட்டால் உதடு தடிக்கும். பேன் சீப்பு போட்டால் கத்துவாள், பயப்பட வேண்டாம். ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழேழில் நிற்பாள். காய்ச்சல் வந்தால் முதலில் காது சுடும். இரண்டு பக்கம் எழுதியும் ஒன்றை மட்டும் எழுதாமல் வைத்திருந்தேன்.

இடி இடித்தால் அவளுக்கு உடம்பு நடுங்கும். அப்போது கட்டிப்பிடிக்கக் கூடாது, மூச்சு முட்டி இன்னும் அழுவாள். உள்ளங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், உடனே அடங்கிவிடுவாள். இது எனக்கு மட்டும்தான் தெரியும். எழுதாமல் விட்டால், ஐப்பசியில் முதல் இடி இடிக்கிற அன்றைக்கு அவள் அடங்காமல் அழுவாள், அவர்களுக்கு ஒன்றும் புரியாது, எனக்கு போன் வரும், சித்திதான் வேணும் என்பாள். இரண்டு மாதம் இப்படிக் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தேன் அக்கா. குழந்தை பயந்து நடுங்கட்டும் என்று காத்திருக்கிறவள் எப்படிப்பட்டவள்? உன் புருஷனைத் திட்டிய வார்த்தைகளில் எதுவும் அதற்குப் போதாது. நேற்று அதையும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

பரீட்சை முடிந்துவிட்டது. நாளைக் காலை அவளை நானே பஸ்ஸில் கடலூர் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன். இந்தக் கடிதம் முழுக்க ஏன் இவ்வளவு கசப்பு என்று கேட்பாய். மிச்சமிருக்கும் இகழ்ச்சியையெல்லாம் இன்றைக்கு உன்னிடம் கொட்டித் தீர்த்தால்தான் நாளைக்கு அவள் அப்பாவைப் பார்க்கும்போது என் முகம் வெறும் முகமாக இருக்கும். மாமாவை மதிப்பேன் என்று மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதே. அவ்வளவு நல்லவளாக ஆகிவிடவில்லை.

ஆனால் ஒரு சத்தியம் செய்கிறேன், நீ செய்கிற மாதிரிச் சத்தியம் இல்லை. இனி பைப்பைத் திறந்துவிட்டு அழ மாட்டேன். நாளைக்கு முதுநகரில் இறங்கி அவளை ஒப்படைக்கும்போது, அவள் பார்க்க, எல்லோர் முன்னாலும் அழுவேன். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, பஸ் ஏறி, பதினோரு மணிக்கு வேலைக்கு வந்துவிடுவேன். சித்தி அழுதால் ஒன்றும் ஆகிவிடாது, அதை அவள் தடுக்க வேண்டியதில்லை என்று உன் பெண் தெரிந்துகொண்டு போகட்டும்.

உனக்குப் பின்னால் பிறந்து, உன் பெண்ணுக்குச் சித்தியான,
செல்வி